கேசட்டுக்கு எந்த லினக்ஸ்?

பழைய கேசட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும், லினக்ஸில் செய்யலாம் என்கிறார்கள், எந்த லினக்ஸ் நல்லது என்று இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவருமே அதற்கு முன்னால் யாராவது ஒரு இளைஞரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இளைஞர்கள் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "ஆடியோவுக்கென்றே தனி லினக்ஸ் இருக்கு தாத்தா, அதைப் போடுங்க." எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் வேலைக்கு அந்தத் தனி லினக்ஸ் தேவையில்லை என்பது மட்டுமல்ல, அதைத் தேடிக்கொண்டிருப்பதில் போகிற காலம்தான் நமக்கு நஷ்டம்.

லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் போல அதுவும் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்; காசு கிடையாது, யாரும் எடுத்து மாற்றலாம். அதனால் ஒரே கொழுந்தை வாங்கி ஆளுக்கொரு பெயரில் பாக்கெட் போடுகிற மாதிரி உலகம் முழுக்கப் பலர் தங்கள் தங்கள் பெயரில் வெளியிடுகிறார்கள். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் பாக்கெட்டின் பெயர்கள். பையன்கள் இதை டிஸ்ட்ரோ என்பார்கள். கணியம் இணைய இதழில் 'வழங்கல்' என்று எழுதுவார்கள். அரசாங்கமே நமக்கு ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது; அடியில் இருப்பது டெபியன். எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கணினிகளில் பல இன்னும் நம் பக்கத்து வீடுகளில் பீரோ மேல், பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கின்றன. என் சிபாரிசே அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் கணினியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேசட்டைப் பற்றிப் பேச வேண்டும். எந்தக் கருவி வேண்டும் என்பது எந்த வேலை என்பதைப் பொறுத்தது.

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி நெல்லியாளத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கணக்கெழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒரு பகுதி தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நம் மலைக்கு வந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கி, 1976-ல் அது டான்டீ கழகமாயிற்று. பாண்டியாறு, நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். வந்தவர்களில் பாதி உறவு அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் இங்கே, தம்பி அட்டனில்; அக்கா இங்கே, தங்கச்சி பதுளையில்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்துக்கு என்ன செய்தார்கள்? எண்பதுகளில் டேப்ரெக்கார்டர் வந்ததும் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். போகிற வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவது. ஒரு பக்கம் இவர்கள் பேச்சு, மறுபக்கம் அவர்கள் பதில். புதுக் கேசட்டுக்குக் காசு ஏது, அதே கேசட் திரும்பி வரும். இடையில் ஒரு தாலாட்டு, ஒரு கும்மி, சாவு விழுந்திருந்தால் ஒப்பாரி. மலையகத்துப் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்தார். அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அச்சில் நிற்பது சொல்தான். எந்த இடத்தில் இழுத்தார்கள், எந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்பதெல்லாம் பாடியவர்களோடு போய்விட்டது. அது கொஞ்சமாவது மிச்சமிருப்பது இந்தக் கேசட்டுகளில்தான்.

அந்தக் கேசட்டுகள் இப்போது இருக்கிற நிலை பரிதாபம். நம் ஊர் மழைக்கு அலமாரித் துணியே பூஞ்சணம் பிடிக்கிறது; டேப் என்ன பாடுபடும்? உள்ளே சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத்துண்டு, அதை ஒட்டியிருக்கும் பசை காய்ந்து, உதிர்ந்து விழுந்திருக்கும். பிளேயரின் ரப்பர் பெல்ட் மெழுகாக உருகியிருக்கும். போதாக்குறைக்கு, டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவு செய்தது. லைன் வீடுகளைக் காலி செய்து திருப்பூருக்கும் கோவைக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள் எதை எடுத்துப் போவார்கள்? கேசட் பெட்டி அந்தப் பட்டியலில் கடைசி.

இனி லினக்ஸுக்கு வருகிறேன். உபுண்டு ஸ்டுடியோ, ஏவி லினக்ஸ், ஃபெடோரா ஜாம் என்று ஒலி வேலைக்கான தனி வழங்கல்கள் இருப்பது உண்மை. உபுண்டு ஸ்டுடியோ 2007 முதல் வருகிறது. அவற்றைச் செய்பவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவை யாருக்காக என்பதுதான் கேள்வி.

கணினிக்குள் ஒலி ஒரு நொடிக்கு 48,000 துளியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைப்பதுபோல, கணினி இதை ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பிடித்து வட்டில் கொட்டுகிறது. சின்னக் கிண்ணம் வைத்தால் நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து கொட்ட வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் தரை நனைந்துவிடும். அண்டா வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கீபோர்டு வாசிக்கிற பையனுக்குச் சின்னக் கிண்ணம்தான் வேண்டும். கட்டையை அழுத்தியவுடன் ஒலி காதுக்கு வர வேண்டும். தாமதித்தால் தாளம் தப்பிவிடும். 256 துளிக் கிண்ணம் என்றால் தாமதம் சுமார் 5 மில்லிவினாடி, 1,024 துளிக் கிண்ணம் என்றால் சுமார் 21. அந்தச் சின்னக் கிண்ணத்தைச் சிந்தாமல் கொட்டும்படி கணினியைப் பழக்குவதுதான் தனி வழங்கல்களின் முக்கியமான வித்தை.

கேசட் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒலி கணினிக்கு இருபது மில்லிவினாடி தாமதமாகப் போனால் யாருக்கு என்ன? நமக்கு வேண்டியது அண்டா. ஒரு துளி சிந்தக்கூடாது, அவ்வளவுதான். வயதானவர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்வதற்கும் இதே கணக்குத்தான். சாதாரண லினக்ஸில் ஆடாசிட்டி என்ற மென்பொருளைப் போட்டு, பஃபர் அளவைக் கூட்டி வைத்தால் தீர்ந்தது.

இன்னொரு விஷயம். முன்பு தனி வழங்கல்களுக்கு இருந்த மவுசுக்கு இரண்டு காரணம். ஒன்று, அவற்றில் விசேஷமான கர்னல் இருந்தது; மற்றொன்று, ஜாக் என்ற ஒலிச் சேவையை இணைத்துத் தருகிற தொல்லையை அவை எடுத்துக்கொண்டன. காலம் மாறிவிட்டது. பைப்வயர் என்று ஒன்று வந்து பழைய சண்டைகளைத் தீர்த்துவைத்தது. ஃபெடோரா அதை 2021-லேயே எடுத்துக்கொண்டது, மற்ற பெரிய வழங்கல்களும் பின்னாலேயே வந்தன. அந்த விசேஷக் கர்னலின் முக்கியப் பகுதியும் பல வருட இழுபறிக்குப் பிறகு 2024-ல் பொதுக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பெரிய ஹோட்டலில் மட்டும் கிடைத்த பண்டம் இப்போது நாயர் கடையிலும் கிடைக்கிறது.

ஆகவே என் தேர்வு: லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. காரணம் இரண்டு. முதலாவது ஆயுள். 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். அதே காலத்து உபுண்டு ஸ்டுடியோவின் நீண்டகால வெளியீட்டுக்கு மூன்று வருடம், இடையில் வரும் வெளியீடுகளுக்கு ஒன்பதே மாதம். எழுபது வயதுக்கு மேல் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை கணினியைக் கலைத்து அடுக்க என்னால் ஆகாது. இரண்டாவது, இறக்கும் அளவு. மின்ட் ஏறக்குறைய 3 ஜிபி. ஸ்டுடியோ அதைவிட வெகு பெரிசு. பந்தலூரில் சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தைத் தேடி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விண்டோஸே போதாதா என்பார்கள். உங்களிடம் ஓடுகிற விண்டோஸ் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். ஆடாசிட்டி அதிலும் வேலை செய்யும். ஆனால் பீரோ மேல் கிடக்கிற கணினியில் அது ஓடாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. மாதச் சந்தா மென்பொருள்கள் அவ்வப்போது இணையத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லும். இது நமக்கு ஒத்துவராது. ஏனென்றால் கேசட் நம்மைத் தேடி வராது, நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். நான் பார்த்த எந்த வீட்டிலும் கேசட்டைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். "இங்கயே வச்சு எடுத்துக்கங்க சார்" என்பார்கள். நியாயம்தானே, செத்துப்போன அம்மாயியின் குரல் அதற்குள் இருக்கிறது. இணையம் கேட்காத, பேட்டரியில் இரண்டு மணி நேரம் ஓடுகிற, கீழே விழுந்தாலும் மனசு வலிக்காத கணினி ஒன்று பையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பி அந்த லைன்களுக்குப் போக முடியுமா? அதோடு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தால் கரெண்டின் உறுமலும் பெரும்பாலும் போய்விடும்.

நிறுவுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை. முதலில் அந்தக் கணினியில் இருக்கிற பேரனின் கல்லூரிப் படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு என்னைத் திட்டக்கூடாது. ஆரம்பகாலத்து இலவச மடிக்கணினிகளில் 2 ஜிபி ராம் இருக்கும். அதை 4 ஆக்கி, பழைய வட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் பிழைத்துவிடும். கூடலூரில் ஒரு கடையில் "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் திறந்து பார்க்கலாம். ஒலி வருகிறதா, பதிவாகிறதா என்று அங்கேயே சோதித்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். பெண் பார்த்துவிட்டு முடிவு செய்வதுபோல.

அடுத்ததாகச் சொல்கிற விஷயத்துக்கு எந்த லினக்ஸ் என்ற கேள்வியைவிட முக்கியம் அதிகம். மடிக்கணினியில் இருக்கிற மைக் துளை கேசட் பிளேயருக்காகச் செய்ததல்ல. பெரும்பாலும் ஒரே சேனல்தான் எடுக்கும்; பிளேயரிலிருந்து வரும் பலமான ஒலி அதில் போனால் கரகரவென்று கிழியும். 'லைன் இன்' என்று துளை உள்ள ஒரு யு.எஸ்.பி. ஒலி அட்டை வாங்குங்கள். "தனி டிரைவர் வேண்டாம், செருகினால் போதும்" என்று பெட்டியில் போட்டிருந்தால் லினக்ஸும் அநேகமாக உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு ஒரு ஒயர். கணினியில் வைஃபை, தானாகத் தூங்குவது, 'டிங்' என்று ஒலிக்கும் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் சாம்பிள் ரேட் 48,000, 24 பிட். ஒலி அளவு உச்சத்தில்கூட மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருக்கட்டும். கூட்டுவது பிறகு செய்யலாம். உடைந்த ஒலியை ஒட்ட முடியாது. 60 நிமிடக் கேசட் ஒன்று, இரண்டு சேனலில், சுமார் 1 ஜிபி ஆகும். ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் ஏறக்குறைய பாதியாகும், ஒரு துளியும் இழக்காமல். எம்பி3 வாட்ஸப்பில் அனுப்ப மட்டும். ஆடாசிட்டியின் சொந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அதிலிருந்து வேவ் அல்லது ஃபிளாக் எடுத்து வைத்தால்தான் இருபது வருடம் கழித்தும் யாராவது எதிலாவது திறக்க முடியும்.

போனில் ஸ்பீக்கர் முன்னால் வைத்துப் பதிவு செய்தால் என்ன என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் அந்த அறையையும் சேர்த்துப் பதிவு செய்கிறீர்கள். ஆனால் நாளைக்கு வீட்டைக் காலி செய்யப்போகிறார்கள், வேறு வழியில்லை என்றால் இன்றைக்கே போனில் செய்துவிடுங்கள். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

இளைஞர்களோடு எனக்கு உண்மையான சண்டை வேறொன்றில். கணினி கையில் கிடைத்ததும் இரைச்சலை நீக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வீட்டில், 1988 வாக்கில் பேசிய கேசட். பாட்டி அட்டனிலிருக்கும் தங்கச்சிக்குப் பேசுகிறார். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, தூரத்தில் ஃபாக்டரிச் சங்கு, ஒரு கோழி. நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "மழை சத்தம் கேக்குதாடி? அங்க பெய்யிற மாதிரியேதான் இங்கயும் பெய்யுது." பேரன் கெட்டிக்காரப் பையன். இரைச்சல் நீக்கும் வசதியை ஓட்டி, குரலைக் கண்ணாடியாக்கிவிட்டான். அந்த வசதி என்ன செய்யும் என்றால், "இதுதான் இரைச்சல்" என்று நாம் காட்டும் ஒரு துண்டைக் கற்றுக்கொண்டு அதே மாதிரி இருப்பதையெல்லாம் குறைத்துவிடும். டேப்பின் உஸ்ஸும் மழையின் உஸ்ஸும் அதற்கு ஒன்றுதான். பாட்டி கேட்கிறார், மழை சத்தம் கேக்குதாடி என்று. மழை இல்லை. மறுபக்கத்தில் தங்கச்சியின் பதில் இருக்கிறது, "கேட்டுச்சுக்கா" என்று அழுகிறார்.

நல்லவேளையாக அசல் கேசட் இன்னும் ஓடியது. மறுபடி எடுத்தோம். எனவே என் கட்சி இதுதான்: முதலில் எடுத்த கோப்பில் கை வைக்கவே கூடாது. சுத்தம் செய்ய ஆசையிருந்தால் நகலில் செய்யுங்கள், எத்தனை நகலில் வேண்டுமானாலும். கேசட்டில் 'உஸ்' என்பது குறை என்று ஸ்டுடியோக்காரர் நினைக்கலாம். நமக்கு எது குறை, எது மழை என்று முப்பது வருடம் கழித்துக் கேட்கப்போகிறவர்தான் சொல்ல முடியும்.

தேவாலயத்தில் பாடகர் குழு வைத்து எட்டு தடத்தில் பாட்டுப் பதிவு செய்கிற பையன்களுக்கு நான் மின்ட் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உபுண்டு ஸ்டுடியோவும் அதில் வருகிற ஆர்டோரும் சரியான கருவிகள். ஆர்டோரை எழுதத் தொடங்கிய பால் டேவிஸ்தான் முன்னே சொன்ன ஜாக்கையும் எழுதியவர்; வாசிக்கிறவனின் சங்கடம் தெரிந்த மனிதர். அதைத் தமிழில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கணியம் தளத்திலிருந்து தொடங்கி லினக்ஸ் பழகிக்கொள்ளலாம். நம் வயதுக்காரர்களிடம் அவர்கள் பரிந்துரைக்கும்போது மட்டும், "என்ன வேலைக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பரிந்துரைக்கலாம்.

கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றி ஒரு வரி. 'புதிய பதிவு 7' என்று வைக்காதீர்கள். யார் பேசியது, எந்த டிவிஷன், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று இருக்கட்டும். கேசட் அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதையும் போனில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். நகல் ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம், ஒன்று அட்டனிலோ பதுளையிலோ இருக்கும் உறவுக்காரரிடம். பாதிக் குரல் அவர்களுடையது. வீட்டார் சம்மதித்தால், இலங்கையில் நூலகம் நிறுவனத்தார் ஒலி ஆவணங்களையும் சேர்க்கிறார்கள், அவர்களுக்கும் கொடுக்கலாம். சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒப்பாரியை ஊர் கேட்பதில் சிலருக்கு விருப்பமில்லை. ஒரு அம்மா தன் தாயின் கேசட்டைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, ஓடி முடிகிற வரை கொல்லைப்புறத்தில் போய் நின்றுகொண்டார். அந்தக் கோப்பு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் பிறந்தால் மழை பிடித்துவிடும். அதற்குப் பிறகு தகரக் கூரைக்கு அடியில் யாரையும் உட்காரவைத்துப் பேச்சு எடுக்க முடியாது. சேரம்பாடிப் பக்கம் நான்கு வீடுகள் பாக்கி. என் பிளேயரின் பெல்ட் போன வாரம் அறுந்துவிட்டது. யாரிடமாவது பழைய டேப்ரெக்கார்டர் இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பெல்ட்டும் பஞ்சுத்துண்டும் கழற்றிக்கொள்ள உதவும், சொல்லி அனுப்புங்கள்.